பட்டறையைப் பூட்டிய பிறகு

கேள்வி: வயது 44. சேலம் சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் 20 வருடம் பற்று வைத்தேன், அதாவது வெள்ளித் துண்டுகளைச் சூட்டில் ஒட்டும் வேலை. வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் சுருங்கி, தை மாதத்தோடு பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்கிறார் மைத்துனர். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. இதில் என்ன நல்லது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. வேலை போனதில் நல்லது ஒன்றுமில்லை. பழகிய வழி அடைபட்டதால் வேறு வழி தேட நேர்கிறது, அவ்வளவுதான். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் 2 நாள் வேலைநிறுத்தம். பலரும் வேறு வழியில் போக நேர்ந்தது. பயண அட்டைப் பதிவுகளை அலசிய ஆய்வாளர்கள், ரயில்கள் பழையபடி ஓடிய பிறகும் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் புதுவழியை விடவில்லை என்று கண்டார்கள். தினம் போய்வந்தவர்களுக்கே அதைவிட நல்ல வழி இருப்பது அதுவரை தெரியவில்லை. மற்றவர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். அதுவும் தோல்வி இல்லை.

முதலில், ‘கொலுசு வேலை தெரியும்’ என்று சொல்வதை நிறுத்துங்கள். கைக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். வெள்ளி 961 டிகிரியில் உருகும். துண்டுகளை ஒட்டும் உலோகக் கலவையான பற்றாசு அதற்கு முன்பே உருகி ஓட வேண்டும். அந்த இடைவெளியை வெப்பமானி இல்லாமல், உலோகத்தின் நிறம் பார்த்தே பிடிக்கிறீர்கள். பற்று ஓடுவதற்காகப் பூசும் வெங்காரம் எப்போது கண்ணாடிபோல் ஆகும் என்பதும் தெரியும்.

இதே கை ஏசி, ஃபிரிட்ஜ் செம்புக்குழாய் இணைப்புக்கும் வேண்டும். மெக்கானிக்குகள் ‘வெல்டிங்’ என்பார்கள். உண்மையில் அது பற்றுவைப்புதான். செம்போடு செம்பு சேர்க்க பாஸ்பரஸ் கலந்த கம்பி போதும், வெங்காரம் வேண்டாம். பித்தளை வந்தால் ஃப்ளக்ஸ், அதாவது வெங்காரம்போல் பூசும் பொருள், வேண்டும். இரும்புக்கு அந்தக் கம்பி ஆகாது, இணைப்பு நொறுங்கும். புதியவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான்: கம்பியைக் காய்ச்சுவார்கள், குழாயைக் காய்ச்ச மாட்டார்கள். பற்று மேலே உருண்டு நிற்கும், கேஸ் கசியும். நீங்கள் இதில் தவற மாட்டீர்கள்.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டு. காய்ச்சும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே கரும்பொருக்கு உரிந்து கேப்பிலரி என்ற மெல்லிய குழாயை அடைத்துவிடும். இன்னொன்று உயிர் விஷயம். இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ கேஸ் தீப்பற்றும். கேஸை முழுக்க வெளியேற்றி, காற்றோட்டம் பார்த்த பிறகுதான் டார்ச்சைத் தொடலாம்.

மாசி பிறந்தாலே ஏசி சர்வீஸ்காரர்களுக்கு ஆள் தட்டுப்பாடுதான். யாராவது ஒருவரிடம் 10 நாள் உதவியாளாகப் போங்கள். கூலி குறைவாக இருக்கும், 20 வருடக் கைக்கு அது உறுத்தத்தான் செய்யும். ஒரு நோட்டில் தினம் மூன்று மட்டும் எழுதுங்கள்: வந்த பணம், பழைய கை உதவிய இடம், திணறிய இடம். பிடிக்கவில்லையா, பாத்திரப் பழுது, கவரிங் நகை என்று அடுத்த 10 நாள். மூன்று முயற்சி முடியும்வரை மனைவியின் நகையை அடகு வைத்துக் கடை போடாதீர்கள், சொந்தக் கருவிகளையும் விற்காதீர்கள். பட்டறை மறுபடி திறந்து கூப்பிட்டால், போவதா வேண்டாமா என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, வாழ்வே வெறுக்கிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

மைத்துனரிடம் வாதம் செய்ய வேண்டாம். ஏசி சர்வீஸ்காரர் யாரையாவது தெரியுமா என்று மட்டும் கேளுங்கள்.