ஆட்டமும் இறுக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால்: பழைய காரின் ஸ்டீயரிங்கை எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: என்னிடம் 1950களில் தயாரான கார் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் இரு சக்கரங்களுக்கும் பொதுவாக ஒரே தண்டாக நீளும் ஆக்சில், வார்ம்-செக்டர் வகை ஸ்டீயரிங் பாக்ஸ். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீலில் நான்கு விரல் அகலத்துக்கு ஆட்டம். திருப்பினாலோ பாறையைப் புரட்டுவது போல இருக்கிறது. வளைவு முடிந்தாலும் தானாக நேருக்கு வருவதில்லை. பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்க்ரூவை முறுக்கினேன். ஆட்டம் குறைந்தது, இறுக்கம் இன்னும் கூடிவிட்டது. பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதல் வேலையாக அந்த ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினீர்களோ அவ்வளவும் திரும்பத் தளர்த்திவிடுங்கள். ஆட்டமுள்ள ஸ்டீயரிங்கே தொல்லைதான்; நடுவழியில் பிடித்துக்கொள்ளும் ஸ்டீயரிங் அதைவிட ஆபத்து. சரியாகும்வரை வண்டி சாலைக்குப் போக வேண்டாம்.

முறுக்கியதும் ஏன் மோசமானது? எந்த வண்டியும் தன் ஆயுளில் பெரும்பங்கு நேராகத்தான் ஓடுகிறது. அதனால் பாக்ஸுக்குள் ஸ்டீயரிங்கோடு சுழலும் திருகான வார்மின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. இரு ஓரங்களும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் உள்ள இடைவெளி போகும்வரை முறுக்கினால், தேயாத ஓரங்களில், வார்மோடு பொருந்தும் பல்துண்டான செக்டர் போய் நெருக்கிக்கொள்ளும். திருப்பியபின் வீல் திரும்பி வராது.

ஆட்டமும் இறுக்கமும் ஒரே நோய் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வண்டியில் இருந்தாலும் பெரும்பாலும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் சந்தேகம் பாக்ஸைவிடக் கிங் பின் (ஆக்சில் முனையில் முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி) மேல்தான் அதிகம். அதை உறுதி செய்யும் வழி எளிது. டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். பாக்ஸிலிருந்து வரும் நெம்புகோலான டிராப் ஆர்மையும், அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கையும் இணைக்கும் ஜாயின்ட்டைக் கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்டீயரிங் தனி, சக்கரங்கள் தனி.

ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரலால் சுற்ற முடிந்தால் பாக்ஸ் மேலும், ஸ்டீயரிங் தண்டு போகும் குழாயான ஸ்டீயரிங் காலம் மேலும் பழி இல்லை. அடுத்து சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் தள்ளுங்கள். முரண்டு பிடித்தால் இரு சக்கரங்களையும் இணைக்கும் டிராக் ராடின் ஒரு முனையையும் கழற்றி, எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: தூக்கி வைத்தபோது லேசாகவும், தரையில் இறக்கியதும் கனமாகவும் இருந்தால், வண்டியின் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் வறண்டுபோயிருக்கிறது என்று பொருள். பலர் தூக்கி வைத்துப் பார்த்து "கிங் பின் நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவது இங்கேதான்.

கிங் பின் பல நேரம் தேய்ந்து இறுகுவதில்லை, காய்ந்து இறுகுகிறது. பழைய கிரீஸ் மெழுகு போலக் கெட்டியாகி வழியை அடைத்துவிடும். கிரீஸ் கன் வைத்து அழுத்தினால், கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளைச் சுற்றியே பிதுங்கி வரும். நிப்பிளைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். துருநீக்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, சக்கரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பல தடவை ஆட்டுங்கள். அப்புறம் கிரீஸ். இதை வண்டியைத் தூக்கி வைத்தே செய்ய வேண்டும். தரையில் நின்றால் பாரம் அழுத்தியிருக்கும், த்ரஸ்ட் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது. கறுப்பு கிரீஸ் முழுவதும் வெளியேறி, மேலும் கீழும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடாதீர்கள். பல வண்டிகள் இதிலேயே குணமாகிவிடும்.

தேய்மானமும் இருக்கிறதா என்று பார்க்க, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின். மாற்றுவதென்றால் இரு பக்கமும் கிங் பின், அதைச் சுற்றியுள்ள உலோக உறையான புஷ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது புஷ்ஷை அடித்து இறக்கியதும் வேலை முடிவதில்லை. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நீண்ட ரீமரால் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) ஒரே மூச்சில் சீவ வேண்டும். எண்ணெய் தடவிய கிங் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் அது தப்பு. புஷ்ஷின் துளையும் நிப்பிள் துளையும் நேருக்கு நேர் நிற்கிறதா என்பதை அடிப்பதற்கு முன்பே பாருங்கள். அது விலகியிருந்தால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது.

சரி, சோதனையில் சக்கரங்கள் லேசாக இருந்து ஸ்டீயரிங்தான் கனம் என்றால்? பாக்ஸைத் திறக்கும் முன் ஸ்டீயரிங் காலத்தைப் பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே காலத்தைப் பிடிக்கும் பட்டையின் போல்ட்டையும், பாக்ஸை சேசிஸோடு பிடிக்கும் போல்ட்களையும் தளர்த்துங்கள். வீல் சட்டென்று லேசாகிவிட்டால், யாரோ எப்போதோ அந்தக் குழாயை வலிந்து வளைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அது தானாக எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டு, தேவையான இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பூட்டுங்கள். நான் ஒரு காரில் இதைப் பார்க்காமல் பாக்ஸை இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். கடைசியில் பட்டையின் அடியில் ஒரு ஷிம்தான் தேவைப்பட்டது.

பாக்ஸுக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்பதும் முக்கியம். ஒழுகுகிறது என்று கெட்டி கிரீஸை அடைத்து வைப்பது பழைய பழக்கம். வார்ம் சுழலச் சுழல கிரீஸில் ஒரு குழி விழும். பிறகு பல்லில் எதுவும் ஒட்டாது. அதைக் கழுவி எடுத்துவிட்டு, உங்கள் காரின் கையேடு சொல்லும் கியர் ஆயிலையே ஊற்றுங்கள். ஒழுக்குக்கு மருந்து சீலும், செக்டரைத் தாங்கி டிராப் ஆர்மைத் திருப்பும் ராக்கர் ஷாஃப்ட்டின் புஷ்ஷும். அந்த புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட்டே பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தை மேல் ஸ்க்ரூவால் எடுக்க முடியாது.

இனி ஸ்க்ரூவுக்கு வரலாம். முதலில் வார்ம் மேலும் கீழுமாக நகர்கிறதா பார்த்து, மூடியின் அடியில் ஷிம்மைக் குறைத்து அதைச் சரிசெய்யுங்கள். பிறகு டிராப் ஆர்ம் தனியாக இருக்கும்போதே, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்துங்கள். அதுதான் நடு. அங்கே வைத்து ஆட்டம் போகும் அளவுக்குச் சிறுகச் சிறுக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் முழுவதும் சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் லேசாகப் பிடித்தாலும் உடனே பின்வாங்குங்கள். ஒரு விரல், இரண்டு விரல் ஆட்டம் மிஞ்சினால் இந்த வகைப் பாக்ஸுக்கு அது இயல்பு. அதற்கு மேல் மிஞ்சினால்தான் வார்மும் செக்டரும் மாற்றும் பேச்சு.

டிராக் லிங்க் முனையில் ஸ்பிரிங்கும் கிண்ணமும் இருந்தால், அதன் பிளக்கை முழுக்க இறுக்கி விட்டுவிடாதீர்கள். இறுக்கியபின் ஸ்பிலிட் பின் (கழலாமல் பூட்டும் பிளவு ஆணி) துளை வரும்வரை தளர்த்த வேண்டும். கழற்றிய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் புதிது. டிராப் ஆர்மைக் கழற்ற நேர்ந்தால், ஷாஃப்ட்டில் அது நிற்கும் இடத்தை முதலில் குறித்துவிட்டு, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள். சுத்தியல் அடி பாக்ஸின் உள்ளே இறங்கும். ஸ்டீயரிங் பாகம் எதையும் வெல்டு வைத்தோ காய்ச்சி வளைத்தோ ஒப்பேற்ற வேண்டாம்.

எல்லாம் பூட்டிய பின் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்பு சற்று உள்நோக்கி நிற்பது) அளவு பாருங்கள். அப்புறம் ஆளில்லாத திடலில் நடை வேகத்தில் ஒரு வளைவு எடுத்து, கையைத் தளர்த்துங்கள். வீல் தானாக நேருக்கு வந்தால் சாலைக்கு எடுக்கலாம். வராவிட்டால், முன் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும் ஆப்புத் தகடு திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது திரும்பியிருந்தால், கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்து வீலை நேருக்குக் கொண்டுவரும் காஸ்டர் கோணமே மாறிப்போயிருக்கும்.