ஆங்கிலேயப் பாணித் தோட்டமும் ரோஜாவும்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலேயப் பாணி என்றால் செடிகளை இஷ்டம்போல் கலந்து நடுவதுதானா?

பதில்: பார்வைக்கு அப்படித் தோன்றும், ஆனால் அந்த ஒழுங்கின்மைக்கு அடியில் கறாரான ஒரு வரைபடம் இருக்கும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1930இல் சிசிங்ஹர்ஸ்ட் என்ற பழைய மாளிகை வளாகத்தை வாங்கித் தோட்டம் அமைத்த தம்பதியரில், நேர்கோட்டுப் பாதைகளையும் வேலிகளையும் வகுத்தவர் கணவர் ஹரால்ட் நிக்கல்சன்; அந்தக் கோடுகளை மீறிச் செடிகள் பொங்கி வழியும்படி நட்டவர் மனைவி விட்டா சாக்வில்-வெஸ்ட். ஆகவே பாதையையும் வேலியையும் முதலில் முடிவு செய்யுங்கள். நாற்று வாங்குவது அதற்குப் பிறகுதான். பாத்தியின் அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் அடுக்கடுக்காக நட இடம் போதாது.

கேள்வி: பழைய வகை ரோஜாவா, புதிய வகையா?

பதில்: பழைய ஐரோப்பிய வகைகளில் மணம் அதிகம், ஆனால் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறையே பூக்கும். புதிய ரோஜா வகைகளை உருவாக்கிய ஆங்கிலேயர் டேவிட் ஆஸ்டின் 1961இல் வெளியிட்ட ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’யும் அப்படித்தான். 1983இல் அறிமுகமான அவருடைய மஞ்சள் நிற ‘கிரஹாம் தாமஸ்’ மீண்டும் மீண்டும் பூக்கும். இடம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் மீண்டும் பூக்கும் புதிய வகையையே சொல்வேன்.

கேள்வி: என் கொடி ரோஜா உச்சியில் மட்டுமே பூக்கிறது, ஏன்?

பதில்: கிளையை நேராக மேலே ஏற்றியிருப்பீர்கள். நுனி மொட்டு கீழ்மொட்டுகளை அடக்கி வைப்பது தாவர இயல்பு. இளங்கிளையை மெல்ல வளைத்துக் கிடைமட்டமாகக் கம்பியில் கட்டினால் அந்த அடக்குமுறை தளரும். சில வாரங்களில் கணுவுக்குக் கணு சிவந்த முளைகள் வரிசையாக எழுந்து நிற்பதைக் காண்பீர்கள், பூக்கள் அவற்றில்தான் வரும். முற்றிய கிளையை வளைக்க முயலாதீர்கள், முறிந்துவிடும்.

கேள்வி: இலைகளில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கின்றன.

பதில்: இது பூஞ்சை நோய், இலையில் பல மணி நேரம் ஈரம் நின்றால் பரவும். காலையில், வேரடியில் மட்டும் நீர் விடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்திய பின் மண்ணை இலைதழையால் மூடி மூடாக்கு இடுங்கள். கிளைகளை வெட்டிவிடும் கவாத்தின்போது செடியின் நடுப்பகுதியைத் திறந்துவிட்டால் காற்று புகுந்து இலைகள் விரைவில் உலரும்.

கேள்வி: ரோஜாவின் அடியில் என்ன நடலாம்?

பதில்: வெறுமையான தண்டை மறைக்கும் குட்டைச் செடிகள் பொருந்தும். லாவெண்டர் அழகுதான், ஆனால் நீர் தேங்கும் மண்ணில் அழுகிவிடும். ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியை நட விரும்பினால், அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், குழந்தைகள் எட்டும் பாத்தியில் வேண்டாம்.