அக்காவுக்கு எவ்வளவு கொடுத்தீர்?

கேள்வி: நான் நெடுந்தீவில் பிறந்தவன். வயது 33. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பட்டம் பெற்று, நியூசிலாந்தில் விவசாயப் பொருளியலில் கலாநிதிப் பட்டம் முடித்திருக்கிறேன். பசிபிக்கில் உள்ள சமோவாவிலும் எங்கள் தீவிலும் சிறு கமக்காரக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதே என் ஆய்வு. கொவிட் காலத்தில் ஊருக்கு வர முடியாமல் போனதால், நெடுந்தீவில் 112 வீடுகளின் வினாக்கொத்தையும் அக்காவே போய் நிரப்பித் தந்தார். சில கேள்விகள் ஆட்களுக்கு விளங்கவில்லை என்று மாற்றியும் கேட்டிருந்தார். கள ஆய்வுக்குக் கிடைத்ததில் மிஞ்சிய பணத்தில் அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினேன். தாள்களைப் படம் பிடித்து அனுப்பவும் அது உதவியது. பெண்களின் உழைப்பு பற்றிய அத்தியாயத்தைத் தேர்வாளர்கள் மிகவும் பாராட்டினார்கள். இப்போது தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சமோவா வளாகத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் விரிவுரையாளர் வேலை வந்திருக்கிறது. கிளிநொச்சியில் எங்கள் பீடத்திலும் ஒரு வெற்றிடம் இருக்கிறது, சம்பளம் குறைவு. பிறந்த தீவை விட்டு இன்னொரு தீவுக்கு உழைப்பது துரோகமா என்று மனம் உறுத்துகிறது. அப்பா பாரிசவாதத்தில் விழுந்து ஆறு வருடம். அக்கா வீட்டில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. நான் எதை எடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒக்லாந்து

பதில்: தம்பி, துரோகத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் போன் என்ன விலை என்று சொல்லும்.

கள ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதும்போது போக்குவரத்து, அச்சுச் செலவு, கள உதவியாளர் கொடுப்பனவு என்று வரிவரியாகக் காட்டாமல் எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு சதம் தராது. இந்த வகைக் கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டே என் உத்தியோக காலத்தில் பாதி போனது. விமான ரிக்கற் மிஞ்சியிருக்கும், சரி. உதவியாளர் கொடுப்பனவு எப்படி மிஞ்சியது? வேறொரு பட்டதாரிப் பிள்ளையை அனுப்பியிருந்தால் ஒரு வினாக்கொத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று முதல் நாளே பேசி வாங்கியிருப்பாள். அக்கா கேட்கவில்லை, நீரும் கொடுக்கவில்லை. அவர் செய்த வேலைக்கான காசில் ஒரு போனை வாங்கி, அதிலும் உம்முடைய தாள்களையே படம் பிடிக்க வைத்துவிட்டு, கடிதத்தில் அதைப் பரிசுக் கணக்கில் எழுதுகிறீர்.

நெடுந்தீவில் 112 வீடு ஏறி இறங்குவது என்னவென்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத் தீவுகளில் பெரியவற்றில் ஒன்று அது, கடலுக்குள் தள்ளிக் கிடக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். வளவுகளைப் பிரிப்பது முருகைக்கல்லை அடுக்கிய மதில். நல்ல தண்ணீர்க் கிணறு சில இடங்களில் மட்டும்தான்.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று ஒரு பெண்ணைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் சும்மா வீட்டில." வெளியூரிலிருந்து போகும் பெடியன் அதைக் கேட்டு, சம்பளமில்லாத உழைப்பு என்ற கட்டத்தில் பூச்சியத்தைப் போட்டுவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடுவான். ஊர்க்காரி அப்படி விடமாட்டாள். விடிய முதல் மாட்டை அவிழ்த்தது யார், தண்ணீருக்கு எத்தனை நடை போனது, ஆட்டுக்குக் குழை வெட்டியது யார், பனங்கிழங்கைக் கிண்டி எடுத்துக் கிழித்து ஒடியலுக்குக் காயப் போட்டது யார் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பாள். அந்த வேலையெல்லாம் அவளும் செய்கிறவள், எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பூச்சியம் விழ வேண்டிய கட்டத்தில் ஒன்பது, பத்து மணித்தியாலம் என்று எண் விழுவது அப்படித்தான். உம்முடைய அக்கா கேள்விகளை மாற்றிக் கேட்டார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீரே, தேர்வாளர்கள் பாராட்டிய அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆக, பெண்களின் கூலியில்லாத உழைப்பைப் பற்றி ஒரு பெண்ணின் கூலியில்லாத உழைப்பை வைத்து எழுதி, கலாநிதியும் ஆகிவிட்டீர். எழுதும்போது உமக்கே சிரிப்பு வரவில்லையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த 112இல் உம்முடைய வீடும் இருக்கிறதா? இருந்தால், அக்காவின் மணித்தியாலங்களை யார் யாரிடம் கேட்டு எழுதினது?

விவசாயப் பொருளியல் படித்தவருக்கு ஆர்தர் லூயிஸை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1915இல் கரிபியனில் சென் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்து, 1979இல் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். குடும்பக் கமத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், சிலர் கிளம்பிப் போனாலும் விளைச்சல் குறையாது என்பது 1954இல் அவர் எழுதிய கட்டுரையின் அடிப்படைகளில் ஒன்று. உம்முடைய வீட்டிலும் நீர் போன பிறகு ஒன்றும் குறையவில்லைத்தான். அப்பாவுக்கு நேரத்துக்கு மருந்து கிடைக்கிறது, வீட்டு வேலை நடக்கிறது, உம்முடைய ஆய்வுக்குத் தரவும் வந்து சேர்ந்தது. நின்ற ஆள் இரண்டு ஆளின் வேலையைச் செய்கிறார், அதனால் குறையவில்லை. இந்த ஓட்டையைப் பெண் பொருளியலாளர்கள் எப்போதோ எடுத்துக் காட்டிவிட்டார்கள். உம்முடைய ஆய்வேட்டின் பின்பக்கத்து நூற்பட்டியலில் அவர்களும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லூயிஸுக்கு ஏழு வயதில் தகப்பன் செத்துப்போனார். ஐந்து ஆண்பிள்ளைகளையும் தாய் தனியாக ஆளாக்கினார். ஆண்கள்தான் பெண்களைவிட உயர்வு என்று பள்ளிக்கூடத்தில் மற்றப் பெடியள் பேசும்போது இவர்களுக்கு விசர் என்று நினைத்ததாக லூயிஸ் பிற்காலத்தில் சொன்னார். அந்த மனுசனும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்தான் பெரும்பாலும் படிப்பித்தார். இடையில் வந்து மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தை நடத்தினார், 1970இல் கரிபியன் அபிவிருத்தி வங்கிக்கு முதல் தலைவராக இருந்தார். அவரைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை. வெளியே போவது குற்றமில்லை தம்பி. அந்தச் சங்கடத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால் வீட்டுக்குள் இருக்கிற சங்கடத்தைப் பார்க்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

நியூசிலாந்தில் இருந்து பசிபிக் தீவுகளைப் படித்தவர், பேர்ட்ராம், வாட்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இல் எழுதியதைப் படிக்காமல் வந்திருக்கமாட்டீர். குக் தீவுகள், நியுவே, டோக்கெலாவ், கிரிபாட்டி, துவாலு ஆகியவற்றை எடுத்துப் பார்த்து, ஆட்கள் வெளியே போவது, அவர்கள் அனுப்பும் காசு, வெளிநாட்டு உதவி, அரச உத்தியோகம் இந்த நாலும்தான் இந்தத் தீவுகளை நடத்துகின்றன என்றார்கள். கடல் கடந்து பரவிக் கிடக்கும் குடும்பத்தை அவர்கள் ஒரு பன்னாட்டுக் கம்பனியாகப் பார்த்தார்கள். புங்குடுதீவும் நெடுந்தீவும் இதைப் படிக்காமலே செய்துகொண்டிருக்கின்றன. நல்லது. கம்பனி என்றால் இலாபத்தில் பங்கு இருக்க வேண்டும் இல்லையா? உங்கள் கம்பனியில் வெளிநாட்டுக் கிளைக்குப் பட்டமும் பெயரும் வேலையும். தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன்.

நான் பழைய ஆள். பெற்றோரைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் பிள்ளைகள் என்றால் பெண்பிள்ளை மட்டும் இல்லை. காசு அனுப்பினால் மகனின் கடமை முடிந்தது, தூக்கி இருத்திக் குளிப்பாட்டுவது மகளின் வேலை என்ற ஏற்பாட்டை எந்த வீட்டிலும் கூடியிருந்து பேசி முடிவெடுப்பதில்லை. பெட்டி கட்டியவர் போனார், மற்றவர் நின்றார். இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுவதும் பெட்டி கட்டியவர்கள்தான் அதிகம், நின்றவர்களுக்கு எங்கே நேரம்? உம்முடைய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காவின் வயது இல்லை. என்ன படித்தார் என்று இல்லை. கலியாணம் செய்தவரா, வேண்டாம் என்றவரா, யாரும் கேட்கவேயில்லையா என்று இல்லை. சமோவாவைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று ஒரு சொல்கூட இல்லை. ஏனென்றால் நீர் கேட்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம். இரண்டும் நல்ல வேலை. சமோவாவில் 1993இல் சேப்பங்கிழங்குக்கு இலைக்கருகல் வந்து ஏற்றுமதி அப்படியே படுத்துவிட்டது. நீர் போகப்போகிற அதே வளாகத்தில்தான் கமக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நோய் தாங்கும் இனங்களை உருவாக்கினார்கள். வான்கோழி வால் என்ற கொழுப்புத் துண்டை மலிவாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று 2007இல் அதற்குத் தடை போட்ட நாடு அது. 2012இல் உலக வர்த்தக அமைப்பில் சேருவதற்காக அந்தத் தடையை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. சின்னத் தீவு தன் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தானே முடிவெடுக்க முடியாத இந்தக் கதையை, பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில், அந்தத் தீவுகளின் பிள்ளைகளுக்கே படிப்பிப்பது லேசான காரியம் இல்லை.

கிளிநொச்சியும் குறைந்தது இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, வயல் படுத்த பிறகு அந்த வருடமே திரும்பப் பெற்றுக்கொண்ட நாடு எங்களுடையது. விவசாயப் பொருளியலாளர்கள் எச்சரித்தார்கள், யாரும் கேட்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்விட்ட பீடங்களில் உம்மைப்போல ஒருவர் வந்து இருப்பது பெரிய விஷயம். ஆனால் கிளிநொச்சி நெடுந்தீவு இல்லை. அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு குறிகட்டுவான், பிறகு படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நீர் கிளிநொச்சியில் இருந்தால் மகன் ஊரோடு வந்துவிட்டான் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அக்காவின் காலை அப்போதும் அதே நேரத்துக்குத்தான் விடியும். அதனால் சமோவாவா கிளிநொச்சியா என்ற கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லப்போவதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சமோவாக்காரரிடம் கையெழுத்துக்குத் தவணை கேளும், கேட்டால் தருவார்கள். கிடைக்கும் இடைவெளியில் ஊருக்குப் போம். விருந்தாளியாகப் போக வேண்டாம். போன மறுநாளே அக்காவை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ யாராவது சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பாவை நீர் பாரும். இரவு எத்தனை முறை எழும்ப வேண்டியிருக்கிறது என்று எழுதி வையும், தரவு எடுப்பது உமக்குப் பழக்கம்தானே. அம்மா "நீ விடு தம்பி, ஆம்பிளைப் பிள்ளைக்கு உது சரிவராது" என்பார். அதைக் கேட்டு எழும்பிப் போனீரென்றால் இந்தக் கடிதத்துக்கு நான் செலவழித்த நேரம் வீண்.

காசைத் தீரும். உம்முடைய திட்டத்தில் கள உதவியாளருக்குப் போட்ட வீதம் எவ்வளவோ அந்த வீதத்தில், 112 வீட்டுக்கும் கணக்குப் பார்த்து, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடும். வீட்டுச் செலவுக்கு அனுப்புகிற காசோடு கலக்கக்கூடாது. போனின் விலையைக் கழிக்கிற எண்ணம் வந்தால் அதையும் எனக்கு எழுதும், அடுத்த இதழில் போடுகிறேன்.

அந்த அத்தியாயத்தைச் சஞ்சிகைக்கு அனுப்பும்போது அக்காவின் பெயரும் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். தரவு எடுத்தவருக்கெல்லாம் பெயர் போடுவதில்லை என்று சட்டம் பேச வேண்டாம். கேள்வி பிழை என்று கண்டுபிடித்து, அதைத் திருத்தி, விடையை வரவழைத்தவர் ஆய்வாளர். முன்னுரையில் "என் அன்பு அக்காவுக்கு" என்று நன்றி போட்டிருப்பீர், அது போதாது.

இதெல்லாம் செய்த பிறகு, அவரைத் தனியாக இருத்தி, உனக்கு என்ன வேணும் என்று கேளும். படிக்க வேணும் என்றால் யாழ்ப்பாணத்தில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. அப்பா அம்மாவை அங்கே ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலுக்கு ஒரு ஆளையும் வைக்கச் சமோவாச் சம்பளம் போதும் என்றால், மூன்று வருடம் போய் உழைத்துவிட்டு வாரும். எனக்குக் களைத்துவிட்டது, நீ பக்கத்தில் இரு என்றால் கிளிநொச்சி, ஒவ்வொரு சனி ஞாயிறும் படகு. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் நம்பவேண்டாம், ஒரு கிழமை விட்டுத் திரும்பக் கேளும்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதும். அவரே எழுதினால் இன்னும் நல்லது, இந்தப் பக்கத்தில் அவருக்கு இடம் வைக்கிறேன்.