துணையின் படிப்பும் நம் சம்பளமும்: கேள்வி பதில்

கேள்வி: மனைவி நிறையப் படித்திருந்தால் கணவனின் சம்பளமும் கூடுமாமே, உண்மையா சார்?

பதில்: தரவில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. ஆனால் நன்றாகச் சம்பாதிக்கக்கூடியவருக்குப் படித்த வரனே அமைகிறது. இது இணைத் தேர்வு. கல்யாணத்துக்குப் பின் ஒருவரின் அறிவும் யோசனையும் பழக்கவழக்கத் தொடர்புகளும் மற்றவர் வேலைக்குக் கைகொடுப்பது வேறு. இவ்விரண்டையும் பிரிக்காத முடிவை நம்பாதீர்கள்.

கேள்வி: எப்படிப் பிரிப்பது?

பதில்: ஒரே கருவில் பிறந்த இரட்டையரை ஒப்பிட வேண்டும். மரபணுவும் வளர்ந்த வீடும் ஒன்றே. அண்ணன் மனைவி 12 ஆண்டு, தம்பி மனைவி 15 ஆண்டு படித்திருந்தால், அந்த 3 ஆண்டு வித்தியாசத்தைச் சகோதரர்களின் சம்பள வித்தியாசத்தோடு வைத்துப் பார்க்கலாம். சகோதரர்களின் சொந்தப் படிப்பையும் சம்பளத்தைக் கணக்கிடும் சமன்பாட்டில் சேர்க்க மறக்காதீர்கள். சீன நகரங்களின் இரட்டையர் தரவை வைத்து 2009இல் வந்த ஆய்வில் இணைத் தேர்வு இரு பாலருக்கும் தெரிந்தது. படிப்பின் நேரடி உதவியோ பெரும்பாலும் கணவனிடமிருந்து மனைவிக்கே போனது. அதுவும் கூடுதல் நேரம் உழைத்ததால் அல்ல, மணிக்கூலி உயர்ந்ததால். மாதச் சம்பளத்தை மட்டும் வைத்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

கேள்வி: படித்த ஆண்டைத் தப்பாகச் சொன்னால்?

பதில்: இந்த முறையின் பலவீனமே அதுதான். இரட்டையரின் படிப்பு பெரும்பாலும் நெருங்கியே இருக்கும். கழித்தால் உண்மையான வித்தியாசம் சுருங்கி, பிழை மட்டும் பெரிதாக நிற்கும். அதனால் படிப்பின் தாக்கமாகக் கணக்கில் வரும் எண் பூச்சியத்தை நோக்கி இழுபடும். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1991இல் நடந்த இரட்டையர் விழாவில் ஆஷென்ஃபெல்டர், க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் ஒவ்வொருவரிடமும் உடன்பிறந்தவரின் படிப்பையும் கேட்டுவாங்கி இதைச் சரிசெய்தார்கள். அதேபோல, அண்ணி எத்தனை ஆண்டு படித்தார் என்று தம்பியிடமும் கேளுங்கள்.

கேள்வி: கூலிச் சமன்பாட்டில் மணமானவர் என்பதற்கு 0.25 கெழு (அந்தக் காரணி கூலியை எவ்வளவு மாற்றுகிறது என்று காட்டும் எண்) வந்தது. 25 சதவீதம் என்று எழுதலாமா?

பதில்: கூலிக்கு லாக் (மடக்கை) எடுத்திருந்தால் கூடாது. e-யின் (இந்த மடக்கையின் அடிமான எண், சுமார் 2.718) 0.25 அடுக்கிலிருந்து 1-ஐக் கழியுங்கள்: சுமார் 28 சதவீதம்.

கேள்வி: பெண்களுக்கும் திருமணம் சம்பளத்தைக் கூட்டுமா மேடம்?

பதில்: திருமணத்தையும் குழந்தையையும் ஒரே கணக்கில் போடக் கூடாது. டென்மார்க்கில் முதல் குழந்தைக்குப் பின் பெண்களின் வருமானம், ஆண்களோடு ஒப்பிட, நெடுங்காலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்குகிறது. தந்தையருக்கு அப்படி இறங்கவில்லை. வேலையை விட்ட பெண்களுக்குத் தரவில் கூலியே இருக்காது. அவர்களை விட்டுவிட்டால் வேலையில் நீடித்தவர்களின் கூலியே எல்லாப் பெண்களின் கூலியாகிவிடும். யார் வேலைக்குப் போகிறார் என்பதை முதலில் தனியாக மதிப்பிட்டு, பிறகு கூலிக்கு வாருங்கள்.