மீந்த பிளாக் கலந்து கட்டுறது பற்றி

அண்ணே, திருமங்கலத்துல மாடி ரூமுக்கு, மீந்த 6 இஞ்ச், 8 இஞ்ச் ஏஏசி பிளாக்கோட (காத்துக் குமிழ் நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல்) பழைய ஹாலோ பிளாக்கையும் (உள்ளே ஓட்டை விட்ட சிமெண்ட் கல்) கலந்து கட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. தூண் போட்டு, சுவர் வெறும் அடைப்புதான்னா தாராளமா கட்டலாம். தளத்தைச் சுவரே தாங்கணும்னா இன்ஜினியர் பார்க்காம கை வைக்காதீங்க.

ஒரே வரியில ரெண்டையும் கலக்கக் கூடாது. ரெண்டும் காய்ஞ்சு சுருங்குறது வேற வேற அளவு. சேர்ற இடத்துல விரிசல் கோடு விழும். கொத்தனார் "பூசினா மறைஞ்சிரும்"பார். மறையும், அடுத்த சித்திரை வெயில் வரைக்கும்!

ஜன்னலோட அடி மட்டம் வரை ஹாலோ. அதுக்கு மேல கம்பி போட்டு 3 இஞ்ச் கான்கிரீட் பெல்ட் (சுவர் நீளத்துக்கும் ஓடுற பட்டை), அப்புறம் ஏஏசி. ஈரமும் ஏஏசிக்கு அவ்வளவா ஏறாது. 8 இஞ்ச் பிளாக் மொத்தத்தையும் மேற்குச் சுவருக்கு ஒதுக்குங்க, சாயங்கால வெக்கை குறையும். ஒரு சுவருக்கு ஒரே கனம்.

ஏஏசியைச் செங்கல் மாதிரி தொட்டியில ஊறப் போட விடாதீங்க. தூசி தட்டி, மேலாக நனைச்சா போதும். உடைஞ்ச துண்டை ரம்பத்தால நேரா அறுத்துக்கலாம். தூணும் சுவரும், ஹாலோவும் பெல்ட்டும் சேர்ற இடமெல்லாம் ரெண்டு பக்கமும் அரை அடி ஏறுற மாதிரி வலை அடிச்சுப் பூசச் சொல்லுங்க. அந்த வலைக் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.