மூடுபனியில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. கரடி நடமாட்டம் உண்டு. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டில் திருட்டும் நடந்தது. ஐப்பசியில் நான்கு கேமராக்கள் பொருத்தினோம். பகலில் படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் மூடுபனி இறங்கும் நாள்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் திரை முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. எட்டு மெகாபிக்சல் கேமராவாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பொருத்தியவர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் கால் பங்குகூடச் செலவழிக்காமல் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிடலாம்.

இருட்டியதும் உங்கள் கேமரா தன் லென்ஸைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது பொருள்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டே கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்குகிறது. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் கோடிக்கணக்கான நீர்த்துளிகள். லென்ஸுக்கு அரையடி முன்னால் இருக்கும் துளிகளிலேயே ஒளி பட்டுச் சிதறித் திரும்பிவிடுவதால், முற்றத்தில் நிற்பவர் அந்த வெண்மைக்குப் பின்னால் மறைந்துபோகிறார். மலைப்பாதையில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹைபீம் விளக்கைப் போடாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். மெகாபிக்சலைக் கூட்டினால் அதே வெண்மை இன்னும் நுணுக்கமாகப் பதிவாகும். வேறு பயன் இல்லை.

எனவே ஒளி வரும் இடத்தையும் கேமரா பார்க்கும் இடத்தையும் பிரித்து வையுங்கள். கேமராவின் அமைப்புகளுக்குள் சென்று அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தனியாகக் கிடைக்கும் அகச்சிவப்பு விளக்கு ஒன்றைக் கேமராவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில், அது காண வேண்டிய இடத்தை நோக்கிப் பொருத்துங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், போர்டிகோவிலோ திண்ணையின் கூரை விளிம்பிலோ, கேமராவின் பார்வைக்குள் நேராக வராதபடி, ஒரு 9 வாட் எல்இடி பல்பை இரவு முழுவதும் எரியவிடுங்கள். படம் வண்ணத்தில் வருவது கூடுதல் நன்மை; யார் என்ன நிற ஸ்வெட்டர் அணிந்திருந்தார் என்று சொல்ல முடியும். பனி மிகவும் அடர்ந்துவிட்ட இரவுகளில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தைச் சாதாரணக் கேமராவும் காணாது என்பதால், கேட்டைப் பார்க்க வேண்டிய கேமராவை வீட்டுச் சுவரில் வைக்காமல் கேட்டின் அருகிலேயே வைப்பதுதான் உங்கள் ஊருக்குப் பொருந்தும்.

பனி இல்லாத இரவிலும் வெண்மை தெரிந்தால் வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, கேமராவுக்கு மிக அருகில் சுவரோ ஓட்டின் விளிம்போ கொடியோ இருக்கிறதா என்பது. அதில் பட்டுத் திரும்பும் ஒளியையே கேமரா முழு வெளிச்சம் என்று கணக்கிட்டு மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். இரண்டாவது சிலந்தி. விளக்கின் ஒளிக்குப் பூச்சி வரும்; பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். என் வீட்டு வாசல் கேமராவில் ஒரு வாரம் முழுக்க இரவெல்லாம் வெள்ளைக் கயிறு ஒன்று குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் கண்ணுக்கே எளிதில் புலப்படாத ஒற்றை இழை. அதில் இரண்டு பனித்துளிகள். நீளக் கழியின் நுனியில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி வாரம் ஒருமுறை துடைத்துவிடுவதற்கு மேல் இதற்கு நான் மருந்து கண்டதில்லை.

உங்கள் நான்கில் டோம் வகை, அதாவது அரைக்கோளக் கூட்டுக்குள் இருக்கும் கேமரா, எது என்று எழுதவில்லை. டோமின் கண்ணாடிக் கூட்டில் மழைத்துளியும் பனித்துளியும் தங்கி, உள்ளிருந்து வரும் ஒளியே அதில் பட்டு லென்ஸுக்குள் திரும்பும். குளிர்ப்பகுதியில் வெளிப்புறத்துக்குக் குழல் வடிவப் புல்லட் வகையோ, கூடில்லாமல் உருண்டையாகத் திரும்பும் டரெட் வகையோதான் ஏற்றது. கேமராவைத் திறந்து மூட வேண்டியிருந்தால் வெயிலடிக்கும் உலர்ந்த நண்பகலில் செய்யுங்கள். பனிக்காற்றை உள்ளே வைத்து மூடினால் அந்த ஈரம் முதல் குளிர் இரவிலேயே கண்ணாடியின் உட்புறத்தில் வியர்த்து நிற்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பகலில் கேமராவை அணைத்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் இளஞ்சூடே ஈரத்தை விரட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். கேமரா வாங்கும்போது இரவுப் படத்தின் தரத்தை எதை வைத்து முடிவு செய்வது? கடைக்காரர்கள் மெகாபிக்சலையும் விலையையும் மட்டுமே சொல்கிறார்கள்.

பதில்: நடந்து செல்லும் மனிதரை வைத்து முடிவு செய்யுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சைக்கிள் திருடு போனபோது பதிவைப் பார்க்க என்னை அழைத்தார்கள். வாசலில் இருந்த துளசி மாடம், அதன் மேல் இருந்த அகல் வரை துல்லியமாகத் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் மட்டும் ஈரத்துணியால் துடைத்த கோலம் போல இழுபட்டுக் கலைந்திருந்தார். அந்த வீட்டுக்காரர் கேமராவுக்குக் கொடுத்த தொகையை நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

வெளிச்சம் போதாதபோது கேமரா தன் ஷட்டரைத் தானாகவே நீண்ட நேரம் திறந்து வைத்து ஒளியைச் சேர்க்கிறது. அது நொடியில் 12-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் சுமார் 12 செ.மீ. நகர்ந்துவிடுவார். மனித முகத்தின் அகலமே ஏறத்தாழ 15 செ.மீ. தான். அசையாத சுவரும் செடியும் அழகாக விழுவதும், ஆள் மட்டும் கரைந்துபோவதும் இதனால்தான். கடையில் காட்டப்படும் மாதிரிப் படங்களில் எதுவும் அசைவதில்லை. ஆகவே ஷட்டரைக் கையால் நிர்ணயிக்க முடிகிற கேமராவைக் கேட்டு வாங்கி, இரவில் அதை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக வையுங்கள். அப்போது அதே நடை 3 செ.மீ. மட்டுமே இழுபடும். படம் சற்று இருண்டால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள்.

இருட்டில் ஒளியைச் சேர்க்கும் திறன், ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் பரப்பையும் லென்ஸின் திறப்பையும் பொறுத்தது. பெட்டியில் 1/1.8 என்று அச்சிட்ட சென்சார் 1/2.8 என்று அச்சிட்டதைவிடப் பெரியது. எஃப் என்பது திறப்பைக் குறிக்கும் எண், அது சிறியதானால் திறப்பு பெரியது; எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒரே அளவு சென்சாரில் எட்டு மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சலுக்கும்) கிடைக்கும் ஒளி குறைவதால், இரவைப் பொறுத்தவரை நான்கு மெகாபிக்சலும் பெரிய சென்சாரும் சேர்ந்ததையே நான் தேர்ந்தெடுப்பேன்.

லென்ஸின் கோணத்தையும் கவனியுங்கள்; லென்ஸின் மி.மீ. எண் சிறியதானால் கோணம் விரியும், ஆள் சிறிதாகத் தெரிவார். முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது விழ வேண்டும் என்பது இத்துறையில் பின்பற்றப்படும் அளவு. 1920 புள்ளி அகலமுள்ள இரண்டு மெகாபிக்சல் கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால் அது சுமார் மூன்று மீட்டர் தூரத்துக்கே தாங்கும், 6 மி.மீ. லென்ஸ் என்றால் ஏழு, எட்டு மீட்டர் வரை தாங்கும். முற்றம் முழுவதையும் பார்க்க ஒன்று, வாசற்படியில் முகத்தைப் பார்க்க ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். முகத்துக்கான கேமராவை இரண்டரை மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். குளிர்காலத்தில் எல்லோரும் கம்பளிக் குல்லாவும் மப்ளரும் அணிந்திருப்பதால், உயரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்குக் குல்லாவின் உச்சி மட்டுமே தெரியும். கிழக்கு நோக்கி வைப்பதாக இருந்தால் மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கோடையில் பொருத்தும்போது விழாத காலை வெயில் அப்போது நேராக லென்ஸில் விழக்கூடும்.

கேள்வி: வால்பாறையில் வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கேட் இருக்கிறது. அங்குள்ள கேமரா பகலில் நன்றாக ஓடுகிறது. இருட்டியதும் அணைந்து அணைந்து வருகிறது. கேமராவை இருமுறை மாற்றியாகிவிட்டது.

பதில்: பழுது கேமராவில் இல்லை, கம்பியில் இருக்கிறது. இரவில் அகச்சிவப்பு விளக்குகளும் எரிவதால் கேமரா பகலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அரை சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 60 மீட்டர் போய்வர நான்கு ஓம் அளவுக்குத் தடை இருக்கும். அரை ஆம்பியர் ஓடினால் இரண்டு வோல்ட் வழியிலேயே போய்விடும். வீட்டில் 12 வோல்ட் கொடுத்தால் கேட்டில் 10 வோல்ட்தான் வந்து சேரும். கேமரா அணையும், விளக்கும் அணையும், வோல்ட் ஏறும், மறுபடி எழும், மறுபடி அணையும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரவில் விளக்கு எரியும்போது கேமராவின் முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அடாப்டரை மழை படாத பெட்டியில் வைத்துக் கேட்டின் அருகிலேயே மின்சாரம் கொடுப்பது ஒரு வழி. புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால், ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் செல்லும் பிஓஇ முறைக்கு மாறுங்கள்; 100 மீட்டர் வரை அது செல்லும், உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்புவதால் இந்த இழப்பும் பொருட்டாக இராது. சுத்தச் செம்புக் கேபிள்தானா என்று ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேபிள் கேமராவுக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப் போகும். தூசியும் நீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி 67 என்ற தரக்குறியீடு அச்சிட்டிருந்தாலும் இந்த வளைவு இல்லாத கேபிள் வழியாகத் தண்ணீர் இணைப்புக்குள் இறங்குவதை வால்பாறை மழையில் தடுக்க முடியாது.

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராவும் அதற்குச் சோலார் தகடும் வாங்கினோம். ஜனவரியில் பெரும்பாலான நாள்கள் வேலை செய்யவில்லை.

பதில்: லித்தியம் பேட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி கெடும் என்பதால் நல்ல கேமராக்கள் தாமாகவே சார்ஜை நிறுத்திவிடும். ஸ்கார்பரோ அடங்கிய டொராண்டோவில் டிசம்பர் பிற்பகுதியில் பகலே ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. தகட்டில் பனி விழுந்தால் அதுவும் இல்லை. உங்கள் குளிருக்குக் கம்பி வழி மின்சாரமே நம்பத்தக்கது. வெப்ப வரம்பு மைனஸ் 20 என்று எழுதியதை விட்டு மைனஸ் 30 அல்லது 40 வரை தாங்குவதை எடுங்கள். மிக முக்கியமாக, சுவரில் கேபிளுக்குத் துளையிட்ட பின் வீட்டுப் பக்கத்தில் அதைச் சிலிக்கோனால் அடையுங்கள். இல்லையென்றால் சமையலறையின் ஈரமான வெதுவெதுப்புக் காற்று அந்தத் துளை வழியே கசிந்து கேமராவின் உள்ளே போய் உறையும். கூரையிலிருந்து பனிக்கட்டி சரிந்து விழும் கோட்டிலிருந்து கேமராவைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் கேமராவின் சிவப்பு விளக்கு தங்கள் படுக்கையறையைப் பார்ப்பதுபோல் இருப்பதாக எதிர்வீட்டார் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் வருத்தம் நியாயமானது. 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு விளக்குகள்தான் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும்; 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். விளக்கை மாற்றுவதற்கு முன் கேமராவை உங்கள் கேட்டின் அளவுக்குக் கீழே சாய்த்து, அமைப்புகளில் உள்ள மறைப்புக் கட்டத்தை அவர்கள் சன்னலின் மேல் இழுத்து வைத்துவிடுங்கள். அந்த இடம் பதிவிலேயே கறுப்பாக விழும். பிறகு அவர்களை வீட்டுக்கு அழைத்து, பகலிலும் இரவிலும் திரையில் என்ன தெரிகிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளும்படி காட்டுங்கள்.