ரிப்கிரெப் கான்ஃபிக் கோப்பைக் கண்டுகொள்ளாதது ஏன்?
வணக்கம் நண்பரே. ஹோம் ஃபோல்டரில் '.ரிப்கிரெப்ஆர்சி' என்ற கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை வைத்தும், கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கருவியான ரிப்கிரெப் அதைப் படிக்கவில்லை என்கிறீர்கள். அது தானாக எந்த கான்ஃபிக் கோப்பையும் தேடாது. 'ரிப்கிரெப்_கான்ஃபிக்_பாத்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், பெயர் முழுக்க கேப்பிட்டல் எழுத்தில், கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால்தான் படிக்கும். பாஷ் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் புரோகிராம்) தொடங்கும்போது படிக்கும் '.பாஷ்ஆர்சி' கோப்பில் அதை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு டெர்மினலைப் புதிதாகத் திறங்கள்.

அப்புறம், உங்கள் கோப்பில் '--மேக்ஸ்-காலம்ஸ் 150' என்று ஒரே வரியில் இருக்கிறதே, அதுவும் உதைக்கும். ஒரு வரி என்றால் ஒரே ஆர்கியூமென்ட்; இடைவெளி பார்த்துப் பிரிக்காது. நடுவில் சமக்குறி போடுங்கள், அல்லது 150-ஐ அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். ஷெல் இதில் குறுக்கே வராததால் மேற்கோள் குறியும் தேவையில்லை.

சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க '--டீபக்' சேர்த்து ஓட்டுங்கள். கோப்பிலிருந்து எடுத்த ஆப்ஷன்களை அப்படியே காட்டும்.